திக்கும் தமிழும் திரும்பி வந்த தெய்வமும்: அருந்ததி சுப்பிரமணியத்தின் கவிதைகளும் தொகைநூல்களும்

மலருக்கு இந்த ஆண்டு ஒரு கட்டுரை வேண்டும், இக்காலக் கவிஞர் ஒருவரைப் பற்றியதாக இருந்தால் நல்லது என்று குழுவினர் கேட்டபோது, அருந்ததி சுப்பிரமணியத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் உடனே கேட்டார்: "அந்தம்மா இங்கிலீஷ்ல எழுதறவங்க ஆச்சே சார்? தமிழ் மலர்ல எதுக்கு? தமிழ்ல எழுதறவங்களுக்கா பஞ்சம்?" அவரை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தில்லிக்கு வந்த நாளிலிருந்து தமிழுக்காக அலைந்தவர். கேலிக்காகக் கேட்கவில்லை.

பஞ்சம் இல்லைதான். ஆனாலும் கேள்வி நியாயமானது. அதனால் அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கட்டுரைதான் பதில். அது அவருக்குப் போதுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொண்டுவிடுவோம். பம்பாயில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். எழுதுவது ஆங்கிலத்தில். முதல் தொகுதியான 'ஆன் கிளீனிங் புக்ஷெல்வ்ஸ்' 2001இல் வந்தது. அப்போது அவர் வளரும் கவிஞர். பம்பாயின் கவிதை வட்டங்களுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. 2005இல் 'வேர் ஐ லிவ்'. 2014இல் வந்த 'வென் காட் இஸ் எ டிராவலர்' இங்கிலாந்தின் டி.எஸ். எலியட் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த நூலுக்கே 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. 2019இல் 'லவ் விதவுட் எ ஸ்டோரி'. இவை கவிதை நூல்கள். இன்னொரு பக்கம் அவர் தொகுப்பாசிரியர். ஜெர்ரி பின்டோவுடன் சேர்ந்து காதல் கவிதைகளைத் தொகுத்தார் (2005). சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்திய ஆங்கிலக் கவிதையை சாகித்திய அகாதெமிக்காக 'அனதர் கன்ட்ரி' என்று தொகுத்தார் (2013). பக்திக் கவிதைகளை 'ஈட்டிங் காட்' என்ற பெயரில் கொண்டுவந்தார் (2014). பெண் துறவியர், பாட்டுக்குள் பேசும் நாயகியர், தேவியர் ஆகியோரைப் பற்றிய கவிதைகளை 'வைல்ட் விமன்' என்று சேர்த்துக் கொடுத்தார் (2024). ஆன்மிக குரு ஒருவரின் வாழ்க்கை வரலாற்றையும் 2010இல் எழுதியிருக்கிறார். அதை வைத்து அவரைக் கொண்டாடுபவர்களும் உண்டு, ஒதுக்குபவர்களும் உண்டு. எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. கவிதையைப் பார்ப்போம்.

நம் பெரியவரின் கேள்வியை அருந்ததியிடம் வேறொருவர் முன்னமே கேட்டுவிட்டார் என்பதுதான் வேடிக்கை. 'வேர் ஐ லிவ்' தொகுதியில் ஒரு கவிதை இருக்கிறது. தன்னிடம் இந்தியத்தன்மை அடையாளம் தெரியவில்லை என்று சொன்ன வெல்ஷ் விமர்சகர் ஒருவருக்கு எழுதிய பதில் அது. தலைப்பே அவ்வளவு நீளம். அந்தப் பெண்மணி என்ன செய்கிறார்? விமர்சகரோடு சண்டைக்குப் போகிறார் என்று எதிர்பார்ப்போம். பாதி வழி போகிறார். பிறகு சட்டென்று, நீங்கள் சொல்வதிலும் ஏதோ இருக்கலாம் என்கிற மாதிரி இறங்கி வந்து சில குறைகளை ஒப்புக்கொள்கிறார். அவற்றில் ஒன்று, தன் தமிழ் திக்குகிறது என்பது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முதன்முறை படித்தபோது என் மகளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் தமிழ் பேசுவாள். "அம்மா, அந்த டப்பா மேல இருக்கு, கீழ எடுத்துக் குடு" என்கிற அளவுக்கு. நான்காவது வாக்கியத்தில் இந்தி நுழையும், ஆறாவதில் ஆங்கிலம். ஊரிலிருந்து வரும் சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "என்னடி, தமிழ் இப்படித் தட்டுத்தடுமாறுது?" என்று சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். அடுத்த தடவை அவர்கள் முன்னால் தமிழே பேசமாட்டாள். நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் தமிழை விட்டது இப்படித்தான் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தின் மேல் பழியைப் போடுகிறோம்; கிண்டலுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தக் கவிதை மேற்கொண்டு போகும் விதம்தான் முக்கியம். சோழர் காலச் செப்புத் திருமேனி, சாணம், மஞ்சள் என்று இந்தியத்தன்மைக்கு என்னென்ன சரக்கு தேவைப்படுமோ அத்தனையையும் அதில் வரிசையாகக் கொண்டுவந்து வைக்கிறார். ஆனால் தனக்குச் சூட்டிக்கொள்ள அல்ல. ஐயா, நீங்களே எடுத்துப் பூசிவிடுங்கள், முத்திரை குத்துங்கள், நான் பிறந்த நாட்டுக்கே எனக்கு விசா கொடுங்கள் என்கிற ஏளனத்துக்காக. விசா அலுவலகக் கவுன்ட்டருக்கு வெளியே வியர்வையோடு நிற்பவளின் குரல் அது. சாணக்யபுரியில் தூதரக வாசல்களில் வரிசையில் நின்ற நமக்கு அந்தக் கவுன்ட்டரைத் தெரியும். நான் கேட்பது இதுதான்: கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் வெல்ஷ்காரர் மட்டும்தானா? "இங்கிலீஷ்ல எழுதறவங்க எதுக்கு?" என்று கேட்கும்போது நாமும் உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறோம் அல்லவா? அவர் இந்தியத்தன்மையைக் கேட்டார், நாம் தமிழ்த்தன்மையைக் கேட்கிறோம். முத்திரை வேறு, கவுன்ட்டர் ஒன்றுதான்.

சரி, தமிழ் எழுத்தே இல்லாத இடத்தில் தமிழை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு கவிதைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது நம் ஊரில் நடக்கிறது. தலைப்பு 'வின்ட்டர், டெல்லி, 1997'. தில்லியில், ஜனவரி மாதத்தில், தோட்டத்து ஊஞ்சலில் தாத்தாவும் பாட்டியும். பேசுவதெல்லாம் சாதாரண விஷயம்: பழைய ரங்கூன் சிநேகிதர்கள், நாடாளுமன்றக் கூட்டத்தொடர், பூச்செடி, மின்சார பில். சற்று ஒதுங்கி நின்று பேத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பல பேரக்குழந்தைகளில் ஒருத்தி, பெரிய முக்கியத்துவம் ஒன்றும் இல்லாதவள். தாத்தா தன் அரசியலைச் சொல்வார், பேத்தி வேண்டுமென்றே வம்புக்கு ஒன்று சொல்வாள். இரண்டும் சடங்கு மாதிரி. எனக்குப் பிடித்தது, அந்த வீட்டில் அவள் முக்கியம் இல்லை என்பதையே கவிதை பெரிய சுகமாகக் காட்டுவது. தன்னை யாரும் குறிப்பாகக் கவனிக்காத இடத்தில்தான் அன்பு போர்வை மாதிரி எல்லார் மேலும் கிடக்கிறது.

இந்தக் கவிதையில் இட்லி இல்லை, கோலம் இல்லை, காவிரி இல்லை. எந்த மொழிக்காரரும் தன் தாத்தா பாட்டியை அதில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ரங்கூன் இருக்கிறதே! பர்மாவில் வேலை பார்த்து, 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே அசாம் பக்கம் வந்து சேர்ந்த கதை நம்மில் எத்தனை குடும்பங்களில் இருக்கிறது? அந்தத் தலைமுறைக்கு 'ஊர்' என்றால் ஒரே ஓர் ஊர் கிடையாது. ஒரு ஊரை விட்டு அடுத்த ஊர், அதை விட்டு இன்னொன்று. எங்கேயும் ஊஞ்சலை மாட்டிக்கொள்வார்கள். வெளியூர்த் தமிழரின் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும் என்று விளக்காமல், ரங்கூனையும் மின்சார பில்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். இந்தச் சிக்கனம் அருந்ததியின் நல்ல கவிதைகளில் எல்லாம் உண்டு.

பம்பாய் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது, '5.46, அந்தேரி லோக்கல்' என்று. அது இதைவிடப் பிரபலம். கூட்டத்தில் நெருங்கி நெருங்கி எல்லாப் பெண்களும் ஒரே உடம்பாகி, சக்கரத்தில் ஓடும் காளியாகிவிடுகிறார்கள். முடிவில் ரயிலை விட்டு இறங்கியதும் கேரட் நறுக்கப் போகலாமா, வேறு எதையாவது நறுக்கலாமா என்று ஒரு குறும்பு. சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் எனக்குத் தில்லி ஊஞ்சல்தான் பெரிய கவிதை.

இப்போது தொகைநூல்களுக்கு வருகிறேன். என் வாதத்தின் நடுத்தூண் அங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்க் கவிஞர்கள் இவருக்கு முன்பே உண்டு. மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் தேடிப் போன இடத்தில், உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்தார். வீட்டில் தமிழ் பேசியவர்தான். ஆனாலும் சங்கத்தமிழை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதிலிருந்து 1967இல் அவருடைய மொழிபெயர்ப்பு நூல் வந்தது. உலகத்துக்கே சங்கப்பாட்டு தெரிந்தது. அடுத்தவர் ஆர். பார்த்தசாரதி. திருப்பராய்த்துறையில் பிறந்தவர். 1977இல் வந்த அவருடைய 'ரஃப் பாசேஜ்' முழுக்கவே ஆங்கிலத்தில் எழுதியதற்கான வருத்தமும், தமிழுக்குத் திரும்பிப் போகும் தவிப்பும்தான். பிறகு சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் கொடுத்து அந்தக் கடனை ஒருவாறு அடைத்தார். இவரும் தொகுப்பாசிரியர். 1976இல் பத்து இந்திய ஆங்கிலக் கவிஞர்களைத் தொகுத்தார். கல்லூரிகளில் வருஷக்கணக்காகப் பாடமாக இருந்த புத்தகம் அது. பத்துப் பேரில் பெண் என்று பார்த்தால் கமலா தாஸ் ஒருவர்தான். தொகுத்தவரும் பத்தில் ஒருவராக இருந்தார். அந்தக் காலத்து வழக்கம் அப்படி, விட்டுவிடுவோம்.

ராமானுஜன் புலவரானார், பார்த்தசாரதி புலம்பினார். அருந்ததி இரண்டும் செய்யவில்லை. அவர் மற்றவர்களின் மொழிபெயர்ப்புகளைப் பொறுமையாகப் படித்துச் சேர்த்தார். இதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் நம் மரபை மறந்தவர்கள். நம் பழைய நூல்கள் நமக்குக் கிடைத்ததே தொகுத்தவர்களால்தான். பாடியவர் பெயருக்கு அடுத்தபடியாகத் தொகுத்தவர் பெயரையும் தொகுப்பித்தவர் பெயரையும் குறித்துவைத்த சமூகம் நம்முடையது. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மர். அதே பெயரில் ஒரு பிள்ளையைப் பற்றி இறையனார் களவியல் உரையில் ஒரு கதை வருகிறது. ஐந்து வயசு, பேச்சு வராத குழந்தை, முருகனுடைய அம்சம். புலவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் உரையைச் சொல்கிறார்கள். நக்கீரர் சொல்லும்போது அந்தக் குழந்தை கண்ணீர் விட்டு மெய் சிலிர்த்ததாம். அதுதான் சரியான உரை என்று முடிவு கட்டினார்களாம். இருவரும் ஒரே ஆள்தானா என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பாடு. பேசத் தெரியாத பிள்ளைதான் கேட்கத் தெரிந்த பிள்ளை என்று நம் முன்னோர் கதை கட்டினார்களே, அதைத்தான் நான் கவனிக்கிறேன்.

தமிழ் திக்குகிற ஒருவர் நம்மாழ்வாரையும் ஆண்டாளையும் காரைக்கால் அம்மையாரையும் தேடிப் போய்க் கேட்பதை இந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். 'ஈட்டிங் காட்' என்ற தலைப்பைப் பார்த்ததும், பெருமாளை விழுங்கிவிடலாம் என்று காத்திருந்தபோது அவர் முந்திக்கொண்டு தன்னைப் பருகிவிட்டார் என்று திருவாய்மொழியில் ஆழ்வார் சொல்வது ஞாபகம் வராத வைஷ்ணவ வீடு உண்டா? பக்தி என்றால் கைகூப்பி நிற்பது மட்டும் அல்ல, பசியும் சண்டையும் வசவும் அதில் உண்டு என்பதை அந்தத் தொகுப்பு காட்டுகிறது. நம்மில் பலருக்கு ஆண்டாள் என்றால் மார்கழி முப்பது நாள், பிறகு கல்யாண மண்டபத்தில் வாரணமாயிரம், அவ்வளவுதான். நாச்சியார் திருமொழியின் நூற்று நாற்பத்து மூன்று பாசுரங்களில் மிச்சத்தை நாம் நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. கூச்சம். 'வைல்ட் விமன்' அந்தக் கூச்சத்தைக் கழற்றி வைக்கிறது. ஆண்டாளை அக்கமகாதேவி, லல்லா, மீரா இவர்களோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பார்க்கும்போது, நம் வீட்டுப் பெண் எவ்வளவு துணிச்சல்காரி என்பது வெளியூர் வெளிச்சத்தில்தான் தெரிகிறது.

ஆனால் ஒரு குறையையும் சொல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது.

அருந்ததி தானே மொழிபெயர்த்த தமிழ்க் கவிஞர் ஒருவர் உண்டு: அபிராமி பட்டர். திருக்கடையூர்க்காரர், பதினெட்டாம் நூற்றாண்டு. தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லி சரபோஜி மன்னரிடம் மாட்டிக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். என் அம்மா கடைசி ஆறு வருஷம் எங்களோடு தில்லியில் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அபிராமி அந்தாதி சொல்வார். போகப்போக ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. என் பெயரைக்கூடச் சில நாள் தம்பியின் பெயரோடு குழப்பிவிடுவார். அந்தாதி மட்டும் நிற்கவில்லை. காரணம் எளிது. ஒரு பாட்டின் கடைசிச் சொல்தான் அடுத்த பாட்டின் முதற்சொல். கட்டளைக் கலித்துறையில் நூறு பாட்டு, சங்கிலி மாதிரி. நூறாவது பாட்டின் முடிவு திரும்ப முதற்பாட்டின் தொடக்கத்தில் போய்ச் சேரும். அம்மா எங்கேயாவது நின்றுவிட்டால், என் மனைவி அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான், ரயில் மறுபடி கிளம்பிவிடும்.

2015இல் ஒரு வெள்ளிக்கிழமை, என் மகள் 'ஈட்டிங் காட்' புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாட்டி, நீங்க சொல்றது இதுல இங்கிலீஷ்ல இருக்கு, படிக்கட்டுமா?" என்று ஒரு பாட்டை வாசித்தாள். எந்தப் பாட்டு என்று அவளே தன் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். அம்மா அந்தப் பாட்டைத் தமிழில் சொன்னார். இவள் அடுத்ததை ஆங்கிலத்தில் வாசித்தாள். அம்மா முகம் சுருங்கியது. "அது இல்லடி அடுத்தது. நடுவுல விட்டுட்டயே. எங்க போச்சு?" என்றார். புத்தகத்தில் தேர்ந்தெடுத்த பாட்டுகள்தானே இருக்கும். தொகைநூல் என்றால் பொறுக்கி எடுப்பதுதான். அந்தாதியைப் பொறுக்கி எடுத்தால் சங்கிலி அறுந்துவிடும். அருந்ததியின் ஆங்கிலத்தில் பட்டரின் மயக்கமும் கிறக்கமும் நன்றாகவே வந்திருக்கின்றன; என் மகள் பாட்டியின் பாட்டுக்கு அர்த்தம் தெரிந்துகொண்டது அந்தப் புத்தகத்தால்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மறந்துபோன கிழவியைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகும் அந்தச் சொல் அதில் இல்லை. எந்த மொழிபெயர்ப்பாளராலும் அதைக் கொண்டுவர முடியாது என்று சொல்லலாம். உண்மை. அப்படியானால் அந்தாதி என்றால் என்ன, எதை நாம் இழக்கிறோம் என்று ஆங்கில வாசகருக்கு உரக்கச் சொல்ல வேண்டியது தொகுத்தவர் கடமை. பாட்டாகப் பாடுவதும், மனப்பாடமாகச் சுமப்பதும், கோயிலும் நாளும் கிழமையும் சேர்ந்ததுதான் நம் பக்தி இலக்கியம். அச்சில் தனித்தனிக் கவிதையாக வைக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி நவீனக் கவிதையாகிவிடுகிறது.

அந்தக் குறைக்கு ஈடாக ஒன்று நடந்திருக்கிறது. தொகைநூல்களில் கேட்டதெல்லாம் அவருடைய சொந்தக் கவிதையில் வந்து சேர்ந்தது. 2014ஆம் வருஷத் தொகுதிக்குப் பெயர் கொடுத்த கவிதையைப் பாருங்கள். கார்த்திகேயன், முருகன், சுப்பிரமணியன் என்று கடவுளின் பெயர்களைச் சொல்லி, இவன் என் பெயர்க்காரன், இவனைப் பற்றி யோசிக்கிறேன் என்று தலைப்புக்குக் கீழேயே குறித்துவிடுகிறார். நம் வீட்டில் தகப்பன் பெயர் வெறும் இனிஷியல். வடக்கே வந்தால் பாஸ்போர்ட்டுக்காக, பான் அட்டைக்காக அது சர்நேம் ஆகி, மகளையும் பேத்தியையும் தொற்றிக்கொள்ளும். "மிஸஸ் சுப்பிரமணியம்" என்று யாராவது கூப்பிட்டால் நாம் எரிச்சல்படுவோம். அந்தக் கடைசிப் பெயருக்குள் ஒரு தெய்வம் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தோமா?

கவிதையில் வரும் முருகன் உலகைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தவன். களைப்பு தீர உட்கார்ந்திருக்கிறான். மயில் வியர்த்துப்போய் நிழலில் தூங்குகிறது. பூங்கா பெஞ்சில் அமர்ந்து குழந்தைகளின் சத்தத்தைக் கேட்கிறான். அண்ணனுக்குப் போன பரிசைப் பற்றியோ, அப்பா அம்மாவின் பாரபட்சத்தைப் பற்றியோ அவனுக்கு இப்போது கோபம் இல்லை. அவனை நம்பச் சொல்லித்தான் கவிதை திரும்பத் திரும்பக் கேட்கிறது. இங்கே ஒரு நுட்பம். முடிவை நெருங்கும்போது அவன் மரமாக, கனி தருகிறவனாகத் தெரிகிறான். லண்டனில் படிப்பவருக்கு அது இயற்கை வர்ணனை. நமக்கு அப்படியா? மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறியவனிடம், பழமே நீதானடா என்று சொன்னதால்தான் அந்த ஊர் பழனி ஆனது என்று ஐந்து வயசிலேயே கேட்டவர்கள் நாம். பழனி என்ற சொல்லே கவிதையில் கிடையாது. தமிழ்க் கதை தெரிந்த காதுக்கு மட்டும் கேட்கிற மணி அது. தமிழ் எழுத்து இல்லாத இடத்தில் தமிழ் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு நம்மில் எல்லாரும் போகிறோம். 1973இல் கும்பாபிஷேகம் ஆன கோயில். முருகன் இந்தத் தூரம் வந்து ஒரு சின்னக் குன்றைத் தேடிப் பிடித்து ஏறி நின்றிருக்கிறான். 'யாமிருக்க பயமேன்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கீழே சாலையில் போகும் ஆட்டோக்காரருக்கு அவன் கார்த்திகேயன், நமக்குச் சுவாமிநாதன். அந்தப் படிகளில் இறங்கும்போது எனக்கு இந்தக் கவிதை ஞாபகம் வராமல் இருந்ததில்லை. நீ எங்கிருந்து வருகிறாய் என்பது அவனுக்குத் தெரியும் என்று கவிதை சொல்கிறது. நம்மிடம் தில்லியில் எல்லாரும் கேட்கிற கேள்வி அது, "ஆப் கஹான் ஸே ஹைன்?" என்று. பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவன் இருப்பது ஆறுதல்தான்.

அதற்குப் பின் வந்த தொகுதியில் எனக்கு மனக்குறை உண்டு. 'லவ் விதவுட் எ ஸ்டோரி'யில் சில கவிதைகள் நன்றாகத் தொடங்கி, கடைசியில் உபதேசமாகிவிடுகின்றன. வாசகர் அடிக்கோடு போடுவதற்கென்றே செய்தது போன்ற வரிகள். ஊஞ்சலையும் மின்சார பில்லையும் வைத்துவிட்டு நகர்ந்துபோன பழைய அருந்ததியைத் தேட வேண்டியிருக்கிறது. கேட்கும்போது எழுதிய கவிதை ஒரு தரம், சொல்லிக்கொடுக்கும்போது எழுதியது வேறொரு தரம். அதே தொகுதியில் ஔவையாரை வைத்து முதுமையைப் பற்றி எழுதிய 'தி ஃபைன் ஆர்ட் ஆஃப் ஏஜிங்' மட்டும் விலக்கு. பள்ளிப் புத்தகத்தில் கைத்தடியோடு நிற்கும் ஆத்திசூடிப் பாட்டியைத்தான் நமக்குத் தெரியும். இளமையும் அழகும் வேண்டாம், கிழத்தன்மையைக் கொடு என்று கேட்டு வாங்கிய அந்தப் பெண்ணின் தந்திரத்தை, அந்த விடுதலையை, ஆங்கிலத்தில் எழுதிய ஒருத்தி நமக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் நம் பெரியவரிடம் போய்ப் படித்துக்காட்டினேன். கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தியும் கூட இருந்தாள். தில்லி ஊஞ்சல் கவிதையை அவளையே ஆங்கிலத்தில் வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, கேட்காமலேயே, தாத்தாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். கிரிஸாந்திமம் பூவுக்குத் தமிழில் என்ன என்று தெரியாமல் நின்றாள். "சாமந்தி" என்றார் தாத்தா. மேலே போனாள். ரங்கூன் வந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "அதெல்லாம் சரி சார், அந்த கரண்ட் பில்லை யார் கட்டினாங்கன்னு கவிதைல இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தாத்தாதான் கட்டியிருப்பார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.